பம்ப் கொட்டில்

கிளிநொச்சி
ஆவணி, ஞாயிறு இரவு

அன்பின் குணா,

உன்ர கடிதம் வந்து மூண்டு கிழமையாச்சு. சிறுபோக வெட்டு நேரம், முத்தத்தில நெல்லுக் காயுது. மழை இருட்டினா வீடு முழுக்கப் படங்கும் கையுமா ஓட்டம். பதில் பிந்தினதுக்குக் குறை நினையாதை.

முதல்ல உனக்கு நன்றி சொல்லவேணும். என்னோட சேர்ந்து படம் எடுக்கப் பழகுற பெடியள் போனில எடுத்த வீடியோவில ரியூப் லைற் வெளிச்சம் கறுத்தக் கோடு கோடா ஓடினது ஞாபகமா? போன் பழுது, பல்ப் பழுது, வோல்ற்றேச் காணாது எண்டு ரெண்டு மாசமா ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தம். நீதான் “செற்றிங்கை எங்க பார்த்து வைச்சனீங்கள்?” எண்டு கேட்டாய். பார்த்தது ஒரு அமெரிக்கன்ர யூரியூப் பாடம். அவங்கட கரண்ட் 60 ஹேர்ட்ஸ், எங்கட 50, லைற்றும் அதோட சேர்ந்துதான் மினுங்கும். செக்கனுக்கு 30 பிரேம், ஷட்டர் திறக்கிற நேரம் செக்கனில அறுபதில ஒண்டு எண்டு அவன் சொன்னது அவன்ர வீட்டு லைற்றுக்கு. நாங்கள் 25 பிரேமுக்கும் ஐம்பதில ஒண்டுக்கும் மாத்தினம், கோடு போச்சு. ரெண்டு நம்பர்தான் மச்சான். ஆனா அதைச் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டிக் கிடக்கு.

இப்ப என்ர யோசினை முழுக்க அதிலதான். படம் எடுக்கப் பழக்கிற பட்டறைக்கு இஞ்ச பஞ்சமில்லை. போன வருசமும் ஒரு நிறுவனம் வந்து மூண்டு நாள் நடத்தினது. பனர் கட்டி, மத்தியானம் சோத்துப் பார்சல் தந்து, கடைசி நாள் சான்றிதழோட குறூப் போட்டோ. “உங்கட இழப்பைப் படமா எடுங்கோ” எண்டாங்கள். பத்தொன்பது வயசுப் பெடியன் ஒருத்தன் எழும்பி, “சேர், பகிடிப் படம் எடுக்கலாமோ?” எண்டு கேட்டான். அது பிறகு பாப்பமாம். எடுத்த எல்லாத்தையும் ஒரு டிஸ்கில ஏத்திக்கொண்டு போனாங்கள், இண்டுவரை ஒண்டும் திரும்பி வரேல்ல. கோழிக்கறி நல்லம், அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

உண்மையில எங்கட பக்கத்துச் சினிமாப் பள்ளிக்கூடம் கலியாண வீடும் சாமத்திய வீடும்தான். லைற் பிடிச்சு, வயர் சுத்தி, ஒரு வருசம் போனாத்தான் கமரா கைக்கு வரும். நக்கலுக்குச் சொல்லேல்ல. தாலி ரெண்டாம் தரம் கட்டமாட்டினம், போக்கஸ் தப்பினா தப்பினதுதான். அப்பிடிப் பழகின கை நடுங்காது. ஆனா “இந்த ஷொட் என்னத்துக்கு?” எண்டு அங்க ஒருத்தரும் கேக்கமாட்டினம். ஆல்பத்துக்கு எல்லாம் வேணும்தானே.

பகிடிப் படம் கேட்டவனும் அப்பிடி வந்த பெடியன்தான். கதை அவன்ர பெரியப்பாவும் அவற்ற பழைய மண்ணெண்ணெய்ப் பம்பும். மனிசன் கயிறு சுத்தி இழுக்கிறார், அது ஸ்ராட் வராது. முதல் எடிற் 11 நிமிசம், அதில ரெண்டு நிமிசம் இரணைமடுக் குளத்துக்கு மேல ட்ரோன். சினேகிதன்ர ட்ரோன், வாடகை இல்லை, அதால போட்டவனாம். உன்ர வொய்ஸ் மெசேச்சை அப்பிடியே போட்டுக் காட்டினன். “பெரியப்பா கயிறைத் தொட முன்னம் நான் போனை மூடியிருப்பன்” எண்டு சொன்னியே, பெடியன்ர முகம் செத்துப்போச்சு. ரெண்டு நாள் வரேல்ல. மூண்டாம் நாள் வந்து, ஒண்டும் பேசாமல் ட்ரோனைத் தூக்கிப்போட்டான்.

அப்பதான் நீ எழுதின, உங்கட ரொறன்ரோ பேவியூ வீதிக் கதையைச் சொன்னன். நோர்மன் ஜூவிசன் எண்ட கனேடிய இயக்குநர் ஹொலிவூட்டில பேரெடுத்துப்போட்டு, அங்க 1988 இல அந்த கனேடியத் திரைப்பட நிலையத்தைத் தொடங்கினதையும், அங்கத்தைத் திட்டத்தில வந்த ‘கியூப்’ படத்தையும். கதையில எண்ணுக்கணக்கில்லாத அறையள், கட்டினது கிட்டத்தட்ட ஒரே ஒரு அறை, பதினாலு அடிச் சதுரம். நிறத்தை மாத்தி மாத்தி எடுத்தாங்கள் எண்டோன்ன பெடியளுக்குக் கண் விரிஞ்சுது. எங்களிட்ட இருந்தது தகரக் கொட்டில், எட்டடிக்கு ஆறடி. கமராவை அதுக்குள்ளேயே வைச்சுத் திரும்ப எடுத்தம். இப்ப ஆறு நிமிசம். கயிறு கப்பியில சுத்துப்படுற சத்தம், மனிசன்ர இளைப்பு, இடைக்கிடை ஒரு தூசணம்.

கொட்டிலின்ர வெறும் சத்தத்தை ஒரு நிமிசம் தனியப் பதிஞ்சு வைக்கச் சொன்னாய். “ஒண்டும் இல்லாததை என்னெண்டு சேர் பதியிறது?” எண்டு சிரிச்சாங்கள். எடிற் பண்ணேக்க ஒவ்வொரு வெட்டிலயும் காது அடைச்சுத் திறந்தது மாதிரி இருந்தது, அந்த ஒரு நிமிசத்தைக் கீழ விரிச்சோன்ன அடங்கிச்சுது. அதிலயும் ஒரு மயில் கத்தியிருக்கு. மயில் இல்லாத ஒரு நிமிசத்துக்கு வன்னியில எங்க போறது?

“மென்ரர்”, கூட நிண்டு வழிகாட்டுற ஆள், எண்டு எழுதியிருந்தாய். எங்களுக்கென்ன அந்த ஆள் புதுசோ? முள்ளியவளையில உன்ர மாமா கோவலன் கூத்து ஆடின காலத்தை நினைச்சுப் பார். அண்ணாவியார் இரவிரவாப் பழக்கி, ஆடுற அண்டைக்கும் களரியில நிண்டு பாட்டெடுத்துக் குடுப்பார். சான்றிதழைத் தந்திட்டு வாகனத்தில ஏறிப் போனவரோ? நீயும் வானொலிக்குப் போன புதுசில ஒரு மூத்த அறிவிப்பாளர் ஒரே செய்தியை இருபது தரம் வாசிக்க வைச்சார் எண்டு அழாக்குறையாச் சொன்னாய். இண்டைக்கும் உன்ர ‘ழ’கரத்தில அவர் இருக்கிறார்.

இனி ஒரு உதவி. விசுவமடுப் பிள்ளை ஒண்டு ருவைனில ஊடாட்டக் கதை செய்யுது. சும்மா கிடைக்கிற மென்பொருள், பிரவுசரிலேயே ஓடும். பள்ளிக்கூட பஸ்ஸை விட்ட பிள்ளை என்ன செய்யும் எண்டு வாசிக்கிற ஆள்தான் தெரிவுசெய்யவேணும். கணனி கிடைக்க முதல் வீட்டு நிலத்தில சோக்கால பாதை கீறி, புளியங்கொட்டை வைச்சுத்தான் கதையை ஓட்டிப் பார்த்தது. ஆனா எந்தப் பாதையால போனாலும் கடைசியில ஒரே முடிவு. “அப்ப தெரிவு எதுக்கு?” எண்டு நான் கேட்டன், எப்பிடித் திருத்திறது எண்டு எனக்கே தெரியாது. அந்த ரொறன்ரோத் திரைப்பட நிலையத்தில 1997 இலயிருந்து இதுக்கெண்டே ஒரு மீடியா லாப் இருந்ததாம், அப்பிடிப் படிச்ச ஆரையாவது உனக்குத் தெரியுமோ? தமிழ் தெரியாட்டியும் பரவாயில்லை, நான் நடுவில நிண்டு சொல்லுவன். ஒருக்கா மட்டும் வந்து கதைச்சிட்டுப் போறவர் வேண்டாம், ஆறு மாசத்துக்கு மாசத்தில ஒரு மணித்தியாலம் தந்தாக் காணும். ஞாயிறு எங்கட பின்னேரம் ஏழரை, உங்கட காலமை பத்து.

பெரியப்பா கோவமா இருக்கிறார். படம் எடுத்த கண்ணூறிலதான் பம்ப் இப்ப அறவே வேலை செய்யுதில்லையாம், புது பிளக் வாங்கக் காசு கேட்டு நேற்றும் வந்து நிண்டவர். பாதிக்காசு உன்ர கணக்கில எழுதியிருக்கிறன்.

அன்புடன்,
சிவம்