கடவுச்சொல்லை மாற்றினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பத்தில் இருந்தபடி ஏலக்காய் வியாபாரிகளின் கணக்குச் செயலிகளைப் பராமரித்து வருகிறேன். குமுளியில் கடை வைத்திருக்கும் வியாபாரி ஒருவரிடமிருந்து கணக்குப்பிள்ளை விலகியதும், அன்று மாலையே கடவுச்சொல்லை மாற்றிவிட்டோம். ஆயினும் 9 நாள் கழித்தும், புற்றடி ஏலத்தில் முதலாளி எடுத்த லாட்டுகளின் எடையும் விலையும் விலகிய கணக்குப்பிள்ளையின் கைபேசியில் வந்துகொண்டிருந்தன. அவரே அழைத்துச் சொன்னதால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒருமுறை உள்ளே நுழைந்ததும் சர்வர் (செயலியின் மையக் கணினி) ஒரு டோக்கனை, அதாவது நுழைவுச்சீட்டு போன்ற ஒரு குறியீட்டை, கைபேசிக்குத் தருகிறது. அதன்பின் சர்வர் கேட்பது டோக்கனைத்தானே தவிர, கடவுச்சொல்லை அல்ல. ஜேடபிள்யூடி (JWT) எனப்படும் வகை டோக்கனில் கையொப்பமும் காலாவதி நேரமும் உள்ளேயே இருப்பதால், தரவுத்தளத்தைப் பார்க்காமலே சர்வர் அனுமதித்துவிடுகிறது. அலுவலகத்தில் பெயரை அடித்துவிட்ட செய்தி எட்டாத சோதனைச்சாவடிக்காரர், சீட்டின் முத்திரையையும் தேதியையும் பார்த்துத் தடையைத் தூக்குவதைப் போன்றதுதான் இது. எங்கள் டோக்கனின் ஆயுள் 30 நாள். 'வெளியேறு' பொத்தானோ, கைபேசியில் இருந்த பிரதியை அழித்ததோடு சரி.

ஆயுளை 10 நிமிடமாகக் குறைத்தோம். ஒவ்வொரு பயனருக்கும் ஒரு பதிப்பு எண் வைத்து அதை டோக்கனிலும் எழுதி, கடவுச்சொல் மாறும்போது எண்ணை உயர்த்தி, பழைய எண் உள்ள டோக்கனை சர்வர் மறுக்கும்படி செய்தோம். அப்போதும் பழைய டோக்கன் சில வேளை செல்லுபடியானது, சில வேளை மறுக்கப்பட்டது. இரண்டு சர்வர்களில் ஒன்று பழைய எண்ணைத் தன் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்திருந்ததைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் ஆயின. புதுப்பிப்பு டோக்கனை (ஆயுள் முடிந்ததும் புதிய டோக்கன் வாங்க உதவுவது) ரத்து செய்தால் அதே அனுமதியின் கீழ் வழங்கிய, சர்வரிடம் காட்டும் அணுகல் டோக்கன்களும் செல்லாமல் போக வேண்டும் என்று 2013-இல் வெளியான ஆர்எஃப்சி 7009 (RFC 7009) என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் பரிந்துரைக்கிறது. அதை முதலிலேயே படிக்காதது எங்கள் தவறு.

2018 செப்டம்பரில் டோக்கன்கள் திருடப்பட்டபோது, ஃபேஸ்புக் நிறுவனம் கடவுச்சொல்லை மாற்றத் தேவையில்லை என்று கூறி, சுமார் 9 கோடி கணக்குகளின் டோக்கன்களையே ரத்து செய்தது. நம் ஊர்களில் செயலி எழுதித் தருவோரோ இதைச் சோதிப்பதே இல்லை. பணம் கொடுப்பவருக்கும் கேட்கத் தெரிவதில்லை. ஆகவே செயலி வாங்கும் வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: இரண்டு கைபேசிகளில் நுழைந்து, ஒன்றில் கடவுச்சொல்லை மாற்றி, கால் மணி நேரம் கழித்து மற்றொன்றைத் திறந்து பாருங்கள், அது உங்களை வெளியே தள்ளியிருந்தால் மட்டும் மீதித் தொகையைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலி பராமரிப்பாளர் ஒருவர்,
கம்பம், தேனி மாவட்டம்.