முதல் சனிக்கிழமை ‘வீடு’ போடுங்கள், சேர்

அன்புள்ள சேர்,

திரையிடல் பட்டியல் கிடைத்தது. மாதம் ஒரு படம், சனிக்கிழமை பின்னேரம், யாரும் வரலாம், காசு வேண்டாம். திருகோணமலையில் இப்படியொன்று தொடங்குவதே எனக்குப் பெரிய சந்தோஷம். இங்கே பிள்ளைகள் பழைய படங்களைப் போனில் துண்டு துண்டாகத்தான் பார்க்கிறார்கள். ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு அழுகைக் காட்சி, அவ்வளவுதான். முப்பது நாற்பது பேரோடு இருட்டில் இருந்து ஒரு படத்தை முழுதாகப் பார்ப்பதும், முடிந்ததும் அதைப் பற்றி வாய்விட்டுக் கதைப்பதும் அவர்களில் பலருக்குப் புதிதாக இருக்கும். கதிரை அடுக்குவதிலிருந்து புரஜெக்டர் தேடுவது வரை என்னைக் கூப்பிடுங்கள்.

ஆனால் பட்டியலைப் பற்றி எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. அதை உங்களிடம் தனியாகச் சொல்லாமல் எல்லோரும் வாசிக்க எழுதுவதற்குக் காரணம், பட்டியலின் அடியில் நீங்கள் போட்டிருக்கும் குறிப்பு. இவை காலம் ஏற்றுக்கொண்ட படங்கள், இவற்றில் குறை தேட வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். சேர், எங்கள் கையில் கவிஞரும் விமர்சகருமான பிரமிளைத் தந்தவர் நீங்கள். இந்த ஊரில் 1939இல் பிறந்து, பெரிய பெயர் என்பதற்காக யாரையும் விட்டுவைக்காமல் எழுதியவர் அவர். அவரோடு உடன்படாதவர்கள் நிறையப் பேர், நீங்களும் பல இடங்களில் உடன்பட்டதில்லை. இருந்தாலும் பெயரைப் பார்த்துப் பணியாமல் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பதை அவர் மூலமாகத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள். அதையே படங்களுக்கும் செய்வோம் என்றுதான் கேட்கிறேன்.

முதல் படமாக ‘மூன்றாம் பிறை’யை வைத்திருக்கிறீர்கள். ஏன் என்று விளங்குகிறது. பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர், நம் கிழக்கு மண். அவரும் 1939இல் பிறந்தவர்தான். படமும் சின்னப் படமல்ல. 1982இல் வந்து, கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகர் விருதும் பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவு விருதும் தேசிய அளவில் வாங்கித் தந்தது. கண்ணதாசன் கடைசியாக எழுதிய திரைப்பாட்டு என்று சொல்லப்படும் ‘கண்ணே கலைமானே’ அதில்தான் இருக்கிறது. அந்தக் கடைசி ரயில் நிலையக் காட்சி மனசைப் பிசையும். மழை, சேறு, தலையில் பானை, அவளுக்கு நினைவு வராதா என்று ஒரு மனிதன் குரங்குபோலக் குதிப்பது. அந்தக் காட்சியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் கேள்வி அந்தக் காட்சிக்கு முன்னால் வரும் இரண்டு மணி நேரத்தைப் பற்றியது.

விபத்தில் நினைவு போய், குழந்தை மனநிலைக்குப் போய்விட்ட ஓர் இளம்பெண். பாலியல் தொழில் நடக்கும் வீடொன்றில் கிடந்தவளைச் சீனு (கமல்) என்ற ஆசிரியர் மீட்டு, ஊட்டிப் பக்கம் கூட்டிப் போய்த் தன் வீட்டில் வைத்துப் பார்க்கிறார். கேட்கும்போதே எத்தனை கேள்விகள் எழும்புகின்றன? அவளுடைய பெற்றோர் தேடமாட்டார்களா? நேரே பொலிசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஏன் போகவில்லை? மனதளவில் குழந்தையாக இருக்கும் ஒரு வளர்ந்த பெண்ணோடு தனியாக வாழும் ஆண் தன் ஆசையை என்ன செய்கிறார்? படம் இதையெல்லாம் ஒரே பதிலால் மூடிவிடுகிறது: சீனு நல்லவன். நல்லவன் என்பதைக் காட்டுவதற்காகவே சில்க் ஸ்மிதாவின் பாத்திரத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். வயதான கணவனோடு வாழும் அந்த இளம் மனைவிக்கு வந்த ஆசையைப் படம் ஒரு கனவுப் பாட்டாக்கிக் காசாக்குகிறது. பிறகு சீனுவின் ஒழுக்கத்துக்கு உரைகல்லாக வைத்துவிட்டு அவளைக் கைவிடுகிறது. அவள் பக்கத்துக் கதை எங்கே? அவளுடைய தனிமையும் தனிமைதானே, சேர்.

எனக்கு அதைவிடப் பெரிய குறை முடிவில்தான். நாட்டு வைத்தியர் ஒருவர் சிகிச்சை செய்கிறார், நினைவு திரும்புகிறது, இடையில் நடந்ததெல்லாம் துடைத்தெடுத்ததுபோல் மறந்துபோகிறது. சரி, கதைக்காக ஏற்றுக்கொள்வோம். ஆனால் கண் விழிக்கும்போது தன் வாழ்க்கையில் ஒரு துண்டையே காணாத ஒரு பெண் என்ன பாடுபடுவாள்? எங்கே இருந்தேன், யாரோடு இருந்தேன், எனக்கு என்ன நடந்தது என்று நடுங்கமாட்டாளா? அவள் பெற்றோரோடு ரயிலேறிப் போய்விடுகிறாள், கமெரா பிளாட்ஃபோர்மில் சீனுவோடு நின்றுவிடுகிறது. துக்கம் முழுக்க அவனுக்கே எழுதப்பட்டிருக்கிறது. ஸ்ரீதேவி அவ்வளவு நுணுக்கமாக நடித்தும், அவர் நடித்த பெண்ணுக்கென்று ஒரு மனசைத் திரைக்கதை தரவில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் கமலின் நடிப்பு சம்பாதித்த பெயரை நாம் படம் முழுவதற்கும் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

இது அந்தக் காலத்துப் படம், அந்தக் காலத்துக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். அதற்கு அதே மனிதரின் இன்னொரு படமே பதில் சொல்லும். 1988இல் வந்த ‘வீடு’.

பட்டியலில் அது கடைசி மாதத்தில் இருக்கிறது, அதுவும் நேரம் கிடைத்தால் என்ற குறிப்போடு. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தக் கடிதம் எழுதத் தோன்றியது. அதற்கும் சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருது கிடைத்தது, அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. ஆனால் மக்கள் வாயில் வரும் பெயர் ‘மூன்றாம் பிறை’தான். ‘வீடு’ படத்தில் பாட்டு இல்லை. பின்னணிக்கு இளையராஜா ஏற்கெனவே தனியாக வெளியிட்டிருந்த இசைத்தொகுப்பிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கதை ஒரு வரிதான்: வாடகை வீட்டை விட்டு எழும்பச் சொல்கிறார்கள், வேலைக்குப் போகும் சுதா (அர்ச்சனா) என்ற பெண் சொந்தமாகச் சின்ன வீடொன்று கட்டத் தொடங்குகிறாள். லோன், அனுமதி, லஞ்சம், சீமெந்து மூட்டையைக் களவாக விற்கும் கொந்தராத்துக்காரன், அதைத் தட்டிக் கேட்கும் கட்டட வேலைக்காரப் பெண் மங்கம்மா. சுதாவின் முகத்தில் களைப்பு படம் போகப் போக ஏறிக்கொண்டே வரும். அவள் என்ன நினைக்கிறாள் என்று நாம் ஊகிக்கத் தேவையில்லை, ஒவ்வொரு கணமும் அவளோடுதான் இருக்கிறோம். ‘மூன்றாம் பிறை’யில் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காதது இங்கே முழுதாகக் கிடைத்திருக்கிறது. இடையில் ஆறே ஆறு வருடம். காலம் வேறு என்று சொல்ல அது போதாது.

அப்புறம் சுதாவின் தாத்தா. அவராக நடித்தவர் பழைய நாடக நடிகர் சொக்கலிங்க பாகவதர். பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாகப் போய், அறை அறையாக நடந்து, பூசாத சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். ஒரு வசனம் கிடையாது. தமிழ் சினிமாவில் இதற்கு நிகரான காட்சிகள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. ரயில் நிலையக் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம், இந்தக் காட்சியை நம்மூரில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

தன் சின்ன வயதில் அம்மா வீடு கட்டியபோது அவரிடம் கண்ட மாற்றங்கள்தான் இந்தப் படத்துக்கு விதை என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். ஆகவே படம் சென்னையில் நடந்தாலும் வேர் கிழக்கில் இருக்கிறது. ஊட்டியின் பனிமூட்டத்தைவிட இதுதான் நம் படம். இங்கே வீடு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாததா? இடம்பெயர்ந்து திரும்பி வந்து கூரையில்லாத சுவரைக் கண்டவர்கள், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அத்திவாரத்திலிருந்து தொடங்கியவர்கள், 2022இல் சீமெந்து விலை ஏறியதில் லிண்டல் மட்டத்தோடு வேலையை நிறுத்தியவர்கள், காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக அலைகிறவர்கள். இவர்கள்தான் உங்கள் திரையிடலுக்கு வரப்போகிறார்கள். சுதாவுக்கு நடப்பதை இவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் மாதத்துக்கு வைத்திருக்கும் ‘பராசக்தி’ பற்றியும் ஒரு வார்த்தை. 1952இல் அது செய்த காரியத்தை யாரும் மறுக்க ஏலாது. சிவாஜிக்கு முதல் படம், கருணாநிதியின் வசனம், கோயிலையும் சமூகத்தையும் நேருக்கு நேர் கேள்வி கேட்ட துணிச்சல். நீதிமன்றப் பேச்சை நம் அப்பாமார் மூச்சு விடாமல் சொல்வார்கள். ஆனால் அவர்களில் பலர் அந்தப் படத்தைக் கண்டதைவிடக் கேட்டதுதான் அதிகம், வானொலியில் ஒலிச்சித்திரமாக. படமாகப் பார்த்தால் நாடக மேடைக்கு முன்னால் கமெராவை நிறுத்தியதுபோலத்தான் பல இடங்கள் இருக்கும். குணசேகரனின் (சிவாஜி) தங்கை கல்யாணி ஒருவனிடமிருந்து தப்பி இன்னொருவனிடம் மாட்டிக்கொண்டே இருக்கிறாள். அவள் தன் தங்கை என்று தெரிந்த பிறகும் குணசேகரன் சொல்லாமல், பைத்தியம்போல் நடித்துக்கொண்டு அவளைச் சுற்றி வருகிறான். ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளுக்கு அவ்வளவு துன்பமும் இல்லை. சொல்லியிருந்தால் நீதிமன்றக் காட்சி இல்லை, அதனால் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அதைப் போடுங்கள். ஆனால் முழுதாக வேண்டாம். நீதிமன்றக் காட்சியை மட்டும் போட்டுவிட்டு வசனத்தைப் பற்றிக் கதைப்போம்.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. கோணேசர் கோயிலடியில், சுவாமிமலைக்குக் கீழே கடலில் மூழ்கி, பழைய கோயிலின் கற்களைப் பார்த்தவர் எழுதிய படம் என்பதால் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யைச் சேர்த்திருக்கிறீர்கள். நல்ல எண்ணம். 1968இல் கிளார்க்கும் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து எழுதிய அந்தப் படத்தை உலகப் பட்டியல்களில் எப்போதும் மேலே வைப்பார்கள். எலும்பு மேலே பறந்து விண்கலமாக மாறும் அந்த ஒரு வெட்டு அதிசயம்தான். ஹால் என்ற கணினியை அணைக்கும் கட்டமும் அப்படியே. மனிதர்கள் உணர்ச்சியில்லாமல் இருக்க, இயந்திரம் மட்டும் உயிருக்குக் கெஞ்சும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் அந்தப் பகுதிக்கு முன்னாலும் பின்னாலும் எவ்வளவு நேரம் சும்மா காத்திருக்கிறோம்! முதல் இருபத்தைந்து நிமிடம் ஒரு வசனமும் இல்லை, கடைசி இருபது நிமிடத்திலும் இல்லை. மௌனம் எனக்குப் பிரச்சினையில்லை, இப்போதுதான் சொக்கலிங்க பாகவதரின் மௌனத்தைப் புகழ்ந்தேன். அந்த மௌனத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். கடைசியில் வரும் அந்த நீண்ட வெளிச்ச ஓட்டத்தில் பார்க்க நிறங்கள் இருக்கின்றன, பின்தொடர ஆள் இல்லை. விண்வெளி வீரர்கள் இருவரையும் வேண்டுமென்றேதான் வெறுமையாக வைத்தார்கள் என்று அறிஞர்கள் சொல்வார்கள். வேண்டுமென்று செய்தாலும் வெறுமை வெறுமைதான். முதல் காட்சிகள் முடிந்த கையோடு குப்ரிக்கே ஏறக்குறைய 19 நிமிடத்தை வெட்டியெறிந்தார். படம் எடுத்தவருக்கே நீளமாகத் தெரிந்ததை நாம் ஏன் புனிதமாக்க வேண்டும்?

நம் கடலைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் இயக்கிய ‘ரன்முத்து தூவ’ இருக்கிறது. 1962இல் வந்த, முதல் முழுநீள வண்ணச் சிங்களப் படம். திருகோணமலைக் கடலுக்கடியில் எடுத்த காட்சிகள் அதில் உண்டு. கதை மிகச் சாதாரணம், அதற்காக யாரையும் கூப்பிட வேண்டாம். அந்தக் கடலடிக் காட்சிகளை மட்டும் காட்டுங்கள். அறுபது வருடத்துக்கு முந்திய நம் கடலைத் திருக்கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் காணட்டும்.

நான் பயப்படுவது இதற்குத்தான், சேர். ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் ஒரு பிள்ளை முதல் சனிக்கிழமை வருகிறாள். பெரிய படம், குறை சொல்லக்கூடாது என்று சொல்லி உட்கார வைக்கிறோம். அந்த ஆசிரியர் வீட்டுக்குள் நடப்பது அவளுக்கு நெருடுகிறது, சில்க் பாட்டு வரும்போது கூச்சமாக இருக்கிறது, சொல்ல வாயெடுத்தால் குறிப்பு தடுக்கிறது. தனக்குத்தான் சினிமா விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போவாள், அடுத்த மாதம் வரமாட்டாள். மகேந்திரன் இயக்கிய ‘உதிரிப்பூக்க’ளை நாம் போடும்போது அவள் அங்கே இருக்கமாட்டாள். பெயருக்கேற்றபடி படமும் பெரியதாக இருக்கும் அந்த நாளில் அவள் இல்லாமல் போவதுதான் எனக்குத் தாங்காது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். முதல் சனிக்கிழமை ‘வீடு’. நல்ல பிரதி தேடுவது என் பொறுப்பு. கட்டட வேலை செய்யும் பாஸ்மாரையும், வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டிய அம்மாமாரையும் நானே போய்க் கூப்பிடுகிறேன். ‘மூன்றாம் பிறை’யை நாலைந்து மாதம் தள்ளி வையுங்கள், எல்லோருக்கும் கதைத்துப் பழகிய பிறகு. அன்று படம் முடிந்ததும் ஒரு மணி நேரமாவது கலந்துரையாடலுக்கு விடுங்கள், பெண் பிள்ளைகளை முதலில் பேச விடுங்கள், நீங்களும் நானும் கடைசியில் பேசுவோம். அடிக்குறிப்பைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

உங்கள் பதிலை நீங்களும் எல்லோரும் வாசிக்கும்படியே எழுதுங்கள். நான் சொன்னதில் உங்களுக்கு ஒவ்வாததை விடாமல் சொல்லுங்கள், முக்கியமாக ‘பராசக்தி’ பற்றி. அதில் நீங்கள் சும்மா இருக்கமாட்டீர்கள் என்று தெரியும்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்
உவர்மலை, திருகோணமலை