லேபர் வார்டு டாக்டர் ஏன் எரிஞ்சு விழுறாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரசவ வார்டுல டாக்டரம்மா நோயாளியோட சொந்தக்காரங்ககிட்ட எரிஞ்சு விழுந்தாங்கன்னு போன வாரம் உங்க பேப்பர்ல செய்தி போட்டிருந்தீங்க. எங்க தெருவுல அதைப் படிச்சவங்க எல்லாரும் கவர்மென்ட் சம்பளம் வாங்குற திமிருன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. திட்டினது சரின்னு நான் சொல்ல வரல, வலியில துடிக்கிறவங்களையும் பதறிக்கிட்டு நிக்கிறவங்களையும் திட்டுறது எந்த நாளும் தப்புதான். ஆனா ஒரு மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி லேபர் வார்டுலயே சர்வீஸ்ல பாதிய ஓட்டின ஸ்டாஃப் நர்ஸ் நான், அந்த எரிச்சல் எங்கேருந்து வருதுன்னு பக்கத்துல நின்னு பார்த்தவ, அதான் எழுதுறேன்.

நம்ம தமிழ்நாட்டுல பிரசவம்னா ஆஸ்பத்திரிதான், 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல 99.6 சதவீதம்னு வந்துச்சு. 2018-20 கணக்குல ஒரு லட்சம் குழந்தை பிறந்தா தாய் சாவு இங்க 54, நாடு முழுக்க பார்த்தா 97. எந்தக் கட்சி ஆட்சின்னாலும் மேடையில இந்த நம்பர சொல்லாம இறங்குற ஆள் கிடையாது. நல்ல விஷயம்தான், பெருமைதான். ஆனா அந்த நம்பர தாங்கிப் பிடிக்கிறது ராத்திரி சீமாங்னு சொல்ற அவசரப் பிரசவப் பிரிவு டியூட்டில இருக்குற ஒரே ஒரு ஓஜி டாக்டர், அதாவது மகப்பேறு டாக்டர், கூட ஹவுஸ் சர்ஜன்னு ஒரு பயிற்சி டாக்டர், நாங்க ரெண்டு மூணு சிஸ்டர்ஸ். ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து அனுப்பிவிடுற கேஸ், பிரைவேட் நர்சிங் ஹோம்ல கடைசி வரைக்கும் வச்சுப் பார்த்துட்டு கைமீறினதும் 108ல ஏத்திவிடுற கேஸ், எல்லாம் அங்கதான் வந்து இறங்கும்.

ஒரு ராத்திரி நார்மல் டெலிவரி, குழந்தை நல்லா அழுதுச்சு, நஞ்சுக்கொடியும் வந்திடுச்சு, தையல் போட உட்காரும்போது பார்த்தா கர்ப்பப்பை சுருங்கவே இல்ல, ரத்தம் குழாய திறந்துவிட்ட மாதிரி கொட்டுது. நிறைமாசத்துல கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் ஓடும், நின்னு யோசிக்கிறதுக்கெல்லாம் நேரமே கிடையாது. கர்ப்பப்பை சுருங்க ஆக்சிடோசின் ஓடுது, ரத்தம் நிக்க டிரானெக்சாமிக் ஆசிட் போட்டாச்சு, டாக்டரம்மா ஒரு கைய உள்ள விட்டு இன்னொரு கைய வயித்து மேல வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறாங்க, பிளட் பேங்குக்கு ஓடின ஆள் இன்னும் வரல. ஒரு வழியா கட்டுக்குள்ள வந்துச்சு. முழங்கை வரைக்கும் இருந்த ரத்தத்த அவங்க கழுவிக்கிட்டு இருக்கும்போதே பக்கத்து டேபிள்ல குழந்தை ஹார்ட் ரேட் இறங்குதுன்னு நாங்க கத்துறோம், ஈரக்கையோட தியேட்டருக்கு ஓடினாங்க. விடியக்காலைல முதல் பொண்ணோட மாமியார் வந்து, ராத்திரி பூரா ஒரு தகவல் சொல்லல, நீயெல்லாம் என்ன டாக்டர்னு ஒருமையில கேட்டுச்சு. டாக்டரம்மா கத்திட்டாங்க. அந்தக் கத்தலை மட்டும் யாராச்சும் செல்போன்ல எடுத்திருந்தா அன்னிக்கும் ஒரு செய்தி வந்திருக்கும்.

இதுக்கு பர்ன் அவுட்னு பேர். 2019ல உலக சுகாதார நிறுவனமே தன்னோட நோய்கள் பட்டியல்ல இதை சேர்த்துச்சு, அதுவும் வியாதியா இல்ல, வேலை செய்யிற இடத்துல சரிபண்ணாம விட்ட அழுத்தத்தால வர்ற நிலைமையா. உடம்பும் மனசும் ஓய்ஞ்சு போறது, வேலை மேலயே ஒரு வெறுப்பு வந்து விலகி நிக்கிறது, நமக்கு இதெல்லாம் வரலையோன்னு தோணுறதுன்னு மூணு அடையாளம் சொல்றாங்க. இந்த மூணையும் நான் ஒரே ஆள்கிட்ட வரிசையா பார்த்திருக்கேன். புதுசா வந்தப்ப ஒவ்வொரு பொண்ணையும் பேர் சொல்லி கூப்பிட்டவங்க, போகப்போக "அந்த ஆறாம் பெட்டு எக்லாம்ப்சியா"ன்னு பெட் நம்பரையும் வலிப்பு வியாதி பேரையும் வச்சே சொல்ல ஆரம்பிச்சாங்க, அப்புறம் கண்ண மூடிக்கிட்டு பண்ணுற சிசேரியனுக்கே சீனியருக்கு போன் போட்டு கேக்குறாங்க.

டெலிவரி ஜாஸ்தியா இருக்குறது மட்டும் காரணம் இல்ல. 24 மணி நேரம் டியூட்டி பார்த்தவங்க மறுநாள் காலைல வீட்டுக்குப் போக முடியாது, ஓபி கிடக்கும், ரவுண்ட்ஸ் கிடக்கும். மேல்படிப்பு படிச்சுக்கிட்டே வேலை பாக்குற பிஜி டாக்டருங்களுக்கு தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல டியூட்டி கூடாதுன்னு மத்திய அரசு 1992லயே சொன்னது, அதை எந்த பிஜிகிட்ட சொன்னாலும் சிரிப்பாங்க. இதுல ஜோசியர் குறிச்சுக் குடுத்த நேரத்துலதான் ஆபரேஷன் பண்ணனும்னு சீட்டோட வர்ற குடும்பம் வேற, கவர்மென்ட் ஆஸ்பத்திரிலயே கேப்பாங்க, பிரைவேட்ல கேக்கவே வேணாம். வீட்ல தனக்கே சின்னக் குழந்தை இருக்குற டாக்டர் பாடு இன்னும் மோசம்.

எல்லாத்தையும் விட ஆள அரிக்கிறது பயம். தாய் சாவு ஒண்ணு நடந்தா ஏன் நடந்துச்சுன்னு ஆடிட் உண்டு, கலெக்டர் வரைக்கும் போகும், அது வேணும்தான், அதனாலதான் சாவே குறைஞ்சுது. பேர் சொல்லாம, பழி போடாம விசாரிக்கணும்னுதான் அதோட வழிகாட்டுதல்லயே இருக்கு. ஆனா நான் பார்த்த மீட்டிங்ல டாக்டர நிக்க வச்சு குற்றவாளிகிட்ட கேக்குற மாதிரிதான் கேட்டாங்க. இறந்துபோன பொண்ணு ரத்தசோகையோட ஒன்பது மாசம் எங்க சுத்தினா, பிளட் ஏன் லேட்டாச்சுன்னு யாரும் கேக்கல. டாக்டர் மேல கிரிமினல் கேஸ் போடுறதுக்கு முன்னாடி வேற டாக்டரோட கருத்து வாங்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2005லயே சொல்லிடுச்சு. அப்படியும் 2022 மார்ச்சுல ராஜஸ்தான் லால்சோட்ல, பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்குல ஒரு அம்மா இறந்ததுக்கு டாக்டர் மேல கொலை கேஸ் போட்டாங்க, அந்த டாக்டரும் உயிரோட இல்ல. அந்த செய்தி வந்த நாள்ல எங்க டியூட்டி ரூம்ல யாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கல. ஆஸ்பத்திரியைத் தாக்கினா தண்டனைன்னு 2008 சட்டத்தை சொல்ற போர்டு எங்க வார்டு வாசல்லயும் தொங்குச்சு, அதுக்குக் கீழ நின்னுதான் கூட்டம் சத்தம் போடும்.

இதுக்கெல்லாம் நிர்வாகம் கண்டுபிடிச்ச வைத்தியம் என்ன தெரியுமா, யோகா கிளாஸ். அதுவும் நைட் டியூட்டி முடிஞ்ச காலைல! எனக்குத் தெரிஞ்ச நல்ல கைராசிக்கார டாக்டருங்க சிலபேர் பிரசவமே வேணாம்னு ஸ்கேன் சென்டர், ஐவிஎஃப்னு போயிட்டாங்க. அவங்க இடத்துக்கு ஆள் வராம மிச்சம் இருக்குறவங்க தலையில அந்த டியூட்டியும் விழுது.

நைட் பார்த்தவங்களுக்கு மறுநாள் கட்டாய லீவு, ராத்திரிக்கு ரெண்டாவது ஓஜி டாக்டர், சொந்தக்காரங்களுக்கு அப்பப்ப தகவல் சொல்ல தனியா ஒரு ஆள், ஒரு சாவு நடந்தா அந்த டாக்டர அன்னிக்கு மிச்ச டியூட்டில இருந்து விடுவிக்கிறது. இந்த நாலையாவது சுகாதாரத்துறை செய்யட்டும். நீங்களும் இந்த மாதிரி செய்தி போடும்போது அந்த டாக்டர் எத்தனை மணி நேரமா டியூட்டில இருந்தாங்க, அன்னிக்கு ராத்திரி எத்தனை பேர் இருந்தாங்கன்னு சூப்பரிண்டென்ட்கிட்ட கேட்டு, அதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ், தாம்பரம்