செய்தி சொல்லக் கூடாத வானொலியில் என்ன பேசுவது? நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். ஊர் மக்களுக்காக உள்ளூரிலேயே நடத்தப்போகும் நம் சமுதாய வானொலிக்கு நீங்கள் போட்டு அனுப்பிய நிகழ்ச்சி நிரலைப் படித்தேன். காலை ஏழு மணிக்கு எதிரே 'ஊர்ச் செய்திகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலையாக அதை அடித்துவிடுங்கள். நம் நாட்டில் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை வேண்டுமானால் உள்ளது உள்ளபடி மறுஒலிபரப்பலாம். அரசியல் பேச்சுக்கும் இடமில்லை. இந்தத் தடை நியாயமா என்றால், இல்லை என்றுதான் நான் சொல்வேன். யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் செய்திச் சேனல் நடத்தும் காலத்தில், உரிமம் வாங்கி முகவரியோடு நடக்கும் நிலையத்தின் வாயை மட்டும் கட்டுவது வேடிக்கை. ஆனாலும் உரிமத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

விதியைக் கடைசி வரி வரை படியுங்கள். வானிலை, போக்குவரத்து, திருவிழா, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு ஆகியவையும், உள்ளூர் நிர்வாகம் தரும் மின்சாரம், குடிநீர், பேரிடர், சுகாதார அறிவிப்புகளும் 'செய்தி அல்லாதவை' என்ற கணக்கில் வருகின்றன. ஒரு ஊருக்கு விடிந்ததும் தெரியவேண்டியதில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

தமிழ்நாட்டில் உள்ளூர் வானொலி எப்போதுமே இந்தப் பக்கம்தான் வலுவாக இருந்தது. 1924இல் கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் பணமில்லாமல் 1927இல் நின்றது. 1930இல் சென்னை மாநகராட்சி அதை எடுத்து நடத்தியது. மெரினாவில் ஒலிபெருக்கி வைத்தார்கள், மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் பாடம் ஒலிபரப்பினார்கள். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது, மறு ஆண்டே திருச்சி. 1960களில் தஞ்சைப் பக்கம் ஆடுதுறை 27 ரகத்தை உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே கூப்பிட்டார்கள். விதைப்பு, உரம், பூச்சி என்று வானொலியில் விடாமல் பேசிய பேச்சுக்குக் கிடைத்த பெயர் அது. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995இல். 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி 90.4 எஃப்எம் தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களும் இப்படி நிலையம் நடத்தலாம் என்று கதவு திறந்தது. இன்று பாம்பனில் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே நடக்கிறது.

இனி உங்கள் நிரல். ஒரு மணி நேரப் பேச்சு நிகழ்ச்சி என்று மொத்தமாக வைக்காதீர்கள். கேட்பவர் நடுவில்தான் வந்து சேருவார், நடுவிலேயே எழுந்தும் போவார். காலை மணி நேரத்தில் 0, 20, 40ஆம் நிமிடங்களில் இரண்டு நிமிட அறிவிப்பு, இடையில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மிகாத பேச்சு, பிறகு பாட்டு. ஒவ்வொரு பேச்சின் நடுவிலும் ஒரு தடவையாவது யார் பேசுகிறார், எதைப் பற்றி என்று சொல்லுங்கள். விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிடம் வரை அனுமதி உண்டு. அதை நிரப்பும் அளவுக்கு ஆள் கிடைத்தால் அப்போது பார்த்துக்கொள்வோம்.

அறிவிப்புதான் உங்கள் நிலையத்தின் உயிர். மின்வாரியத்திலிருந்து வரும் தாளை அப்படியே வாசித்தால் யார் காதிலும் ஏறாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பதினாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் ரெண்டு மணி வரைக்கும் கரண்ட் இருக்காது. பெரிய தெரு, பள்ளிக்கூடத் தெரு, காலனி முழுக்க. மோட்டார் போடுறவங்க எட்டரைக்குள்ள போட்டுடுங்க. மறுபடியும் சொல்றேன், செவ்வாய்க்கிழமை, ஒன்பதிலிருந்து ரெண்டு." தன் தெருவின் பெயர் காதில் விழுந்த பிறகுதான் ஆள் நிமிர்ந்து கேட்பார். அதற்குள் நேரம் போயிருக்கும். அதனால்தான் நேரம் மறுபடியும் வரவேண்டும். 'நாளை' என்ற வார்த்தையைப் பதிவில் விடவே விடாதீர்கள். அதே பதிவு மறுநாள் காலையில் தப்பித்தவறி ஓடினால் ஒரு நாள் தள்ளிப்போய்விடும். கடலோரமென்றால், துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கையை 'மூன்றாம் எண் கூண்டு' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், பலத்த காற்று வீசும், படகை என்ன செய்யவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நேயர்கள் கூப்பிட்டுப் பேசும் தொலைபேசி நேரலையை நிரலில் வைத்திருக்கிறீர்கள். அதற்கு இவ்வளவு ஆசை வேண்டாம். முதல் சில மாதங்கள் அழைப்புகளைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டிப் போடுங்கள். நேரலைக்கு ஏழெட்டு நொடி தாமதக் கருவி வேண்டும், வாய் தவறினால் வெட்டும் பொத்தானில் ஒருவர் கை வைத்திருக்கவேண்டும், அழைப்பை வடிகட்ட இன்னொருவர் வேண்டும். மிஸ்டு கால் வாங்கி நீங்களே திரும்பக் கூப்பிடுவது நல்லது. எண் உறுதியாகும், அவருக்கும் செலவில்லை. மிக்ஸரில், அதாவது ஒலிகளைக் கலக்கும் கருவியில், தொலைபேசிக்குத் தனியாக ஒலி அனுப்பும் ஆக்ஸ் வழியில் மைக்கையும் கணினியையும் ஏற்றுங்கள், தொலைபேசிச் சேனலின் ஆக்ஸை மட்டும் பூஜ்யத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் அழைத்தவர் குரல் அவருக்கே எதிரொலித்துப் பேச்சு தடுமாறும். அவர் பக்கத்தில் ரேடியோ பாடினால் அதை அணைத்த பிறகே இணைப்புக் கொடுங்கள். குப்பை அள்ளவில்லை என்று ஒருவர் புகார் சொன்னால் தெருப் பெயரையும் எத்தனை நாளாக என்பதையும் வாங்கிக்கொண்டு, சுகாதார ஆய்வாளரின் பதிலைச் சேர்த்தே ஒலிபரப்புங்கள். எந்தக் கட்சி என்று பேச்சு திரும்பும் இடத்தில் பாட்டுக்குப் போய்விடுங்கள்.

ஒலிபரப்பானதை மூன்று மாதம் பாதுகாக்கவேண்டும் என்பது விதி. பேச்சுக்குப் போதுமான 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 கோப்பாகப் பதிந்தால் ஒரு மணி நேரம் சுமார் 29 எம்பி. நாளுக்கு 16 மணி என்றால் 90 நாளுக்கு 42 ஜிபிக்குள் முடிந்துவிடும். மிக்ஸரிலிருந்து எடுக்காமல், ஒரு சாதாரண எஃப்எம் ரேடியோவைக் கணினியில் இணைத்து அதிலிருந்து பதியுங்கள். அப்போதுதான் உண்மையில் காற்றில் என்ன போனது என்பதற்கு அது சான்றாகும். மழையில் ஆன்டெனா கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கினால் ஆன்டெனாவுக்குள் போகாமல் திரும்பி வரும் மின்திறன் கூடி டிரான்ஸ்மிட்டர் தன்னை அணைத்துக்கொள்ளும். ஸ்டூடியோவில் பேசுகிறவருக்கு எதுவும் தெரியாது. எந்த நிமிடத்தில் ஒலி நின்றதென்று இந்தப் பதிவு காட்டிக்கொடுக்கும்.

திருத்திய நிரலை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஏன் காலியாக விட்டிருக்கிறீர்கள் என்பதையும் அதோடு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்