பழைய சைக்கிளுக்குப் பொன்னிறப் பெயிண்ட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லைப் பகுதியில் வீடுகளின் பின்கட்டிலும் மாட்டுத்தொழுவத்திலும் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய சைக்கிள்களைச் சேகரித்து, பொன்னிறப் பெயிண்ட் அடித்து, கேரியரில் பூந்தொட்டி வைத்துப் பூங்காக்களிலும் ரவுண்டானாக்களிலும் நிறுத்தினால் ஊர் அழகு பெறும், இளைய தலைமுறையும் அவற்றைக் கண்டு தெரிந்துகொள்ளும் என்று வாசகர் ஒருவர் அண்மையில் இப்பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அத்தகைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, சீராக்கி, இன்றும் ஓட்டிவரும் சிலரில் ஒருவன் என்ற முறையில் அந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. சக்கரம் சுற்ற வழியின்றிக் கான்கிரீட்டில் பதித்த பிறகு அதைச் சைக்கிள் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதைக் காட்டிலும், நேரடியாகப் பூந்தொட்டியையே வைத்துவிடலாம்.

என் தந்தையார் கல்லிடைக்குறிச்சியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். எழுபதுகளில் மணிக்கு 25 காசு வாடகை. பின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் அவரே வண்டியின் எண்ணை எழுதியிருப்பார். நோட்டில் அந்த எண்ணையும் எடுத்த நேரத்தையும் குறித்துக்கொண்டு, தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே வண்டியைக் கொடுப்பார். பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகும் பையன்கள் எங்கேனும் விழுந்து எழுந்து வண்டியைத் திருப்பிக் கொண்டுவரும்போது, அவர் கண் முதலில் போனது பையனின் முழங்காலுக்கா ஹேண்டில்பாருக்கா என்பதை நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

அந்தக் கடையிலிருந்து மிஞ்சியது 9ஆம் எண் கொண்ட ராலே என்ற ஆங்கிலேய வண்டி ஒன்றுதான். 2014இல் நான் ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அதைச் சீராக்க முனைந்தேன். அப்போது எனக்கு ஆசை இருந்த அளவுக்கு அறிவு இல்லை. ஃபிரேமையும் மட்கார்டுகளையும் ஒரு பட்டறையில் கொடுத்து, மணல் பீச்சிச் சுரண்டச் செய்து, கறுப்பு நிறத்தில் பவுடர் கோட்டிங் போட்டு வாங்கினேன். பட்டறைக்காரர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டதைத்தான் அவர் செய்து கொடுத்தார். வண்டி கண்ணாடிபோல் மின்னியது. ஆனால் ஃபிரேமின் ஓரங்களில் மயிரிழையாக ஓடிய தங்கநிறக் கோடுகள், ஹேண்டில்பாருக்குக் கீழே தலைக்குழாயில் இருந்த பெயரெழுத்து, தந்தையார் கைப்பட எழுதிய அந்த 9 ஆகிய அனைத்தும் அந்த மணலோடு போய்விட்டன. அதைப் பார்த்த எங்கள் பழைய கடை மெக்கானிக், “வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா இது யாரு வண்டி?” என்று கேட்டார். அறுபது வயதை நெருங்கிய காலத்திலும் என்னைத் தம்பி என்று அழைக்க உரிமை பெற்றவர் அவர். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகு எந்த வண்டி கைக்கு வந்தாலும் நாங்கள் செய்யும் முதல் வேலை, பழைய பருத்தி வேட்டித் துண்டை டீசலில் நனைத்து எண்ணெய்க் கசடை மட்டும் மெல்லத் துடைத்தெடுப்பதுதான். முன்பு இதற்கு மண்ணெண்ணெய். அது கிடைப்பது அரிதாகிவிட்டது. தின்னர் பக்கமே போவதில்லை, பட்டால் தங்கக் கோடும் கூடவே வந்துவிடும். இப்படித் துடைக்கத் துடைக்கத்தான் வண்டி தன் வரலாற்றைச் சொல்லத் தொடங்கும். சேரன்மகாதேவியில் ஒரு வீட்டின் நெற்குதிருக்குப் பின்னால் கிடந்த வண்டி ஒன்றை எங்களோடு ஓட்டும் இளைஞர் ஒருவர் வாங்கிவந்தார். கொழும்பில் கடை வைத்திருந்த தாத்தா கொண்டுவந்தது என்பதற்குமேல் வீட்டாருக்கு எதுவும் தெரியவில்லை. பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் மேல் விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்த கசடைத் துடைத்தபோது, முதலில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற ஹப் செய்த நிறுவனத்தின் பெயரும், அதன் கீழே 56 என்ற எண்ணும் வெளிப்பட்டன. 1956இல் செய்த மூன்று கியர் ஹப் அது. சீட்டுக்குக் கீழே கம்பியால் கட்டியிருந்த சிறு தகர வில்லை, அந்நாளில் ஆண்டுதோறும் சைக்கிளுக்குக் கட்டிய வரிக்கு அடையாளமாகக் கொடுத்த லைசென்ஸ் வில்லை. மணல் பீச்சியிருந்தால் இரண்டுமே குப்பைக்குப் போயிருக்கும்.

அந்த ஹப்பைப் பற்றி இரண்டு வரி சொல்ல அனுமதிக்க வேண்டும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1902இல் தொடங்கிய அந்த மூன்று கியர் மரபில், பல்சக்கரங்கள் அனைத்தும் ஹப்பின் உள்ளேயே அடங்கியிருக்கும். நடு கியர் நேரடியாகச் சுற்றும், கீழ் கியரில் வேகம் நான்கில் ஒரு பங்கு குறையும், மேல் கியரில் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றை எதிர்த்துச் சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாக மேற்கே மிதித்தவர்களுக்கு அந்த நான்கில் ஒரு பங்கின் அருமை தெரியும். 1956இல் செய்த அந்த ஹப்பைத் திறந்து, கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டு மூடினோம். உள்ளே ஒரு பாகத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதற்குத் தங்கப் பெயிண்ட் அடித்து ரவுண்டானாவில் நிறுத்தவா?

சீராக்குதல் என்பது பெரும்பாலும் பொறுமையைச் சார்ந்த வேலை. பெடலைத் தாங்கும் கையான கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகள் அசையாமல் இருந்த பின்னைச் சுத்தியலால் நேராக அடித்தால், அடியின் அதிர்ச்சி அச்சின் வழியே இறங்கி, அதைத் தாங்கும் கப்பிலும் பால்ரஸிலும் குழி விழச் செய்யும். முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுநாள் கிராங்குக்கு அடியில் தரையிலிருந்து ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, நட்டை மரையின் நுனியளவுக்கு விட்டுவைத்து, ஒரே அடியில் எடுக்க வேண்டும். பத்துச் சிறிய அடிகள் பின்னை வளைக்கும், அவ்வளவுதான். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ் என்பதை அறியாமல், நீளக் குழாயை ஸ்பானரில் மாட்டி இழுத்துக் கிராங்கின் மரையையே உரித்துக்கொண்டு வருவோர் மாதத்துக்கு ஒருவராவது உண்டு. ராலே வண்டிக்கு இன்னொரு தொல்லை: மற்ற ஆங்கிலேய வண்டிகளின் அடிக்கப்பில் அங்குலத்துக்கு 24 மரை என்றால், ராலேயில் 26. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் கப்பைப் பலவந்தமாகத் திருகினால் ஃபிரேமே பாழாகிவிடும்.

மேற்சொன்ன மெக்கானிக்குக்கு இப்போது எண்பது வயது இருக்கும். அவர் சக்கரத்தின் கோட்டம் எடுப்பதைப் பார்ப்பதற்கென்றே நாங்கள் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போவதுண்டு. பின்சக்கரத்துக்கு 40 கம்பி, முன்சக்கரத்துக்கு 32. வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சாக்பீஸை ஃபோர்க்கோடு ஒட்டிப் பிடிப்பார்; ரிம் எங்கே ஒதுங்கி வருகிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்துக் கம்பிகளை நகத்தால் சுண்டி ஒலியைக் கேட்டு, மந்தமாக ஒலிக்கும் கம்பியின் நிப்பிளைக் கால் சுற்று முறுக்குவார். கண் மங்கிய பிறகு வெள்ளைக் கோடு அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. சுண்டும் ஒலியை மட்டும் வைத்தே கோட்டத்தை எடுத்துவிடுகிறார். அவருடைய பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரவில்லை. அவர்கள் வராததில் நியாயமும் இருக்கிறது.

ஃபிரேம் விரிசல் கண்டால், கதவு, ஜன்னல் கிராதி செய்யும் பட்டறைக்குக் கொண்டுபோய் ஆர்க் வெல்டிங் வைக்கக்கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய ஃபிரேம்களில் குழாய்கள் இணைப்புக் குப்பிகளுக்குள் செருகப்பட்டுப் பித்தளையால் பற்றவைக்கப்பட்டவை. மெல்லிய குழாயில் ஆர்க் வெல்டிங் பட்டால் அந்த இடத்தில் ஓட்டையாகும், அல்லது அதை ஒட்டி வேறொரு விரிசல் கிளம்பும். கேஸ் விளக்கில் பித்தளை வைக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியில் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள்.

பழைய வண்டியில் எதையும் மாற்றவே கூடாது என்பவர்களின் கட்சியில் நான் இல்லை. எங்கள் குழுவில் இதைப் பற்றி ஓயாத வழக்கு உண்டு. எண்பதுகளில் இளைஞர்கள் ஆசைப்பட்டு வாங்கிய பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். வண்டி ஒன்றின் ஃபிரேமை எடுத்து, ஆட்டுக்கொம்புபோல் வளைந்த ரேஸ் ஹேண்டில்பார், அலுமினிய ரிம், கேபிள் பிரேக் எல்லாம் பூட்டி, எங்களில் ஒருவர் கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்க ஓட்டிப் போகிறார். அதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அந்த வகை வண்டிகள் ஏராளமாகச் செய்யப்பட்டவை. அவர் எதையும் அறுக்கவோ அராவவோ இல்லை. கழற்றிய பாகங்களை ஒரு பெட்டியில் சீட்டு எழுதி வைத்திருக்கிறார், நாளையே பழையபடி பூட்டிவிடலாம். எஃகு ஃபிரேமின் பின்கவையைச் சற்று விரித்து இன்றைய அகலமான ஹப்பைப் பொருத்துவதும் தெரிந்த கைகளுக்கு முடியும். ஆனால் கேரியர் பூட்டும் காதுகளை அறுத்தெறிவதும், நாரைத் தலை வடிவம் கொண்ட ராலேயின் பல்சக்கரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டுவதும் திரும்பப் பெற முடியாத இழப்பு. மாற்ற விரும்புவோர் டயர் விஷயத்திலும் ஏமாறக்கூடாது: அன்றாடப் பயணத்துக்கான பழைய ரோட்ஸ்டர் வண்டியின் டயரிலும் இன்றைய புது வண்டியின் டயரிலும் 28 என்றே எழுதியிருக்கலாம், ஆனால் முதலாவது உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ., இரண்டாவது 622 மி.மீ., ஒன்று மற்றொன்றில் உட்காராது.

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் 1997 முதல் லெரோயிக்கா என்ற பெயரில் ஓர் ஓட்டம் நடக்கிறது. 1987க்கு முந்தைய ரேஸ் சைக்கிள்களுக்கே அதில் இடம். கியர் நெம்புகோல் ஃபிரேமின் சாய்வுக் குழாயில் இருக்க வேண்டும், பிரேக் கேபிள் வெளியே தெரிய வேண்டும் என்பன போன்ற விதிகள் உண்டு. என்னைக் கவர்ந்தது விதிகள் அல்ல. தார் போடாத பழைய வெண்மண் சாலைகளைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கிய ஓட்டம் அது. பழைய சைக்கிளை அவர்கள் சுவரில் மாட்டவில்லை, அதற்குரிய பாதையோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள். நம் ரோட்ஸ்டரும் சரளைக்கும் மண்ணுக்கும் ஏற்பச் சாய்வாகவும் கனத்த டயரோடும் செய்யப்பட்டதுதான். கன்னடியன் கால்வாய்க் கரையிலும் கோடகன் கால்வாய்க் கரையிலும் பிசானப் பருவ நெல் நடவு முடிந்த நாட்களில், தூர்ந்துபோகாத பகுதிகளில் அதை ஓட்டிப் பார்த்தால் அந்தச் சாய்வுக்குக் காரணம் இடுப்புக்கே விளங்கும். (மழை நாளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும், நனைந்த எஃகு ரிம்மில், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பழைய பிரேக் பிடிப்பதும் பிடிக்காததும் அதன் விருப்பம்.)

ஆகவே உள்ளாட்சி அமைப்புகளுக்கும் பொது அலுவலகங்களுக்கும் என் கோரிக்கை ஒன்றே. உரிமை கோருவோர் இன்றிச் சேரும் சைக்கிள்களை மொத்தமாகக் கட்டி எடைக்கு ஏலம் விடும் வழக்கத்தால், இருபது கிலோ இரும்பின் விலைக்கு அறுபது ஆண்டு வண்டிகள் உருக்காலைக்குப் போகின்றன. அவற்றைத் தனித்தனியே ஏலம் விட்டால் அலுவலகத்துக்கும் கூடுதல் தொகை கிடைக்கும், ஓட்டக்கூடிய வண்டி ஓட்டுபவர் கைக்கும் போகும். காட்சிக்கு வேண்டும் என்றால், பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் சுரண்டாத, பெயிண்ட் அடிக்காத வண்டி ஒன்றை, லைசென்ஸ் வில்லையும் காற்றடிக்கும் பம்பும் உள்ளபடியே, கூரைக்கு அடியில் வைக்கலாம். அதற்கான வண்டியைத் தேடித் தர நாங்கள் இருக்கிறோம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டவுன் ரத வீதிகளிலும் மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் மூடிப்போன சைக்கிள் கடைகளின் பரணில், காட்டர் பின், கோன், கப்பு என்று தகர டப்பாக்களில் இன்னும் கிடக்கும். அவற்றை எடைக்குப் போடுமுன் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் உரிய விலை கொடுத்து வாங்கிக்கொள்வோம். ராலேயின் வலப்பக்கக் கப்பு ஒன்று எனக்கே உடனடியாகத் தேவைப்படுகிறது. ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குச் சுலோச்சன முதலியார் பாலத்தின் கொக்கிரகுளம் முனையில் நாங்கள் கூடுகிறோம். வந்து நிற்கும் வண்டிகளில் எது அளவுக்கு மீறிப் பளபளக்கிறதோ, அது என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.