கீழ்முகத்துக்கான கூட்டு ஊசிச் சிகிச்சை: ஒரே நாளில் முடிக்கிற வேலை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாடையோரத்தையும் மோவாயையும் ஊசி மருந்துகளால் இளமையாக்கிக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நான் கோயம்புத்தூரில் இருபது ஆண்டுகளாகத் தோல் மருத்துவராக இருக்கிறேன். இந்த ஊசிகளை நானும் போடுகிறவள்; அவற்றின் மீது எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி, "கோபமே இல்லாதபோதும் ஏன் கோபமாக இருக்கிறாய் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டு என் அறைக்குள் வரும்போது, அதை வீண் ஆசை என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. ஆனால், தசையைத் தளர்த்தும் ஊசி, குழியை நிரப்பும் ஊசி, கொழுப்பைக் கரைக்கும் ஊசி ஆகிய மூன்றையும் 'காம்போ' என்ற பெயரில் ஒரே அமர்வில் போட்டுக்கொண்டு மாலையே விருந்துக்குப் போகலாம் என்று அந்தக் கட்டுரை சொன்னதை வாசகர்கள் அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். ஊசிகளைச் சேர்த்துப் பயன்படுத்துவது நல்ல மருத்துவமே. எந்தக் குறைக்கு எந்த ஊசி, எதற்குப் பின் எது, இடையில் எத்தனை நாள் என்பதைத் தீர்மானித்த பிறகு சேர்த்தால்தான் அது மருத்துவம். விலைப் பட்டியலைப் பார்த்துச் சேர்த்தால் அது வெறும் விற்பனை.

முகத்தின் கீழ்ப்பகுதி முதுமையடைவதற்குக் காரணம் ஒன்றல்ல. வயது ஏற ஏறக் கீழ்த்தாடை எலும்பே சிறிது கரைந்து உள்வாங்குகிறது. பற்களை இழந்தவர்களுக்கு இது இன்னும் விரைவாக நடக்கிறது. கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டுப் பல ஆண்டுகள் பல் கட்டாமலே இருந்தவர்களுக்கு மோவாய்க்கும் மூக்குக்கும் இடையிலான உயரமே குறைந்துவிடுகிறது. அவர்களுக்கு முதலில் தேவைப்படுபவர் பல் மருத்துவர். அடுத்தது கொழுப்பு. கன்னத்தின் மேற்பகுதியில் இருந்த கொழுப்பு வற்றுகிறது. தாடையோரத்துக் கொழுப்பு சரிந்து, மோவாய்க்குப் பக்கத்தில் எலும்போடு தோலைக் கட்டி வைத்திருக்கும் தசைநாரில் முட்டி நின்று, தொங்கலாகத் தெரிகிறது. அந்தத் தொங்கலுக்கு முன்னால் ஒரு பள்ளம் விழுகிறது. மூன்றாவது, தசைகளின் இழுபறி. வாயின் ஓரத்தைக் கீழே இழுக்கும் சிறு தசையும், கழுத்திலிருந்து தாடை வரை விரிந்திருக்கும் மெல்லிய தசைப் படலமும் முகத்தைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வெயிலாலும் புகையாலும் நெகிழ்வு இழந்த தோல்.

நான்கு காரணங்கள் இருப்பதால்தான் ஒரே மருந்து போதுமானதாக இருப்பதில்லை. பொட்டுலினம் நஞ்சு, அதாவது மக்கள் போடாக்ஸ் என்று அழைக்கும் வகை மருந்து, தசையின் இழுப்பை மட்டுமே தளர்த்தும், பள்ளத்தை நிரப்பாது. மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்குமான மருந்தாக 1989-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்ற அது, புருவங்களுக்கு இடையிலான கோடுகளுக்கு 2002-இலும், கழுத்தில் நெடுக்காகப் புடைத்துத் தெரியும் தசைப் பட்டைகளுக்கு 2024-இலும்தான் அனுமதிக்கப்பட்டது. ஹையலூரோனிக் அமில ஃபில்லர், அதாவது குழியை நிரப்பும் ஊசி, பள்ளத்தையும் எலும்பின் இழப்பையும் ஈடுகட்டும். தசையை அது ஒன்றும் செய்யாது. தாடையோரத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட கெட்டியான ஃபில்லர் ஒன்றுக்கு அதே நிர்வாகம் 2022-இல் அனுமதி கொடுத்தது. உதட்டுக்குப் போடும் மென்மையான ஃபில்லரைத் தாடையோரத்தில் போட்டால் எடுப்பு நிற்காது. தாடையோரத்துக்கான கெட்டியான ஃபில்லரை உதட்டில் போட்டால் கட்டியாகக் கையில் தட்டும். மோவாய்க்குக் கீழே சேர்ந்த கொழுப்பைக் கரைக்க, நம் பித்த நீரில் இயல்பாகவே உள்ள டியாக்ஸிகோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்து ஊசியாகப் போடுகிறார்கள்; இதற்கு 2015-இல் அனுமதி கிடைத்தது. கால்சியம் ஹைட்ராக்சிலபடைட், பாலி எல் லாக்டிக் அமிலம் போன்றவை தோலுக்கு அடியில், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதைத் தூண்டுகின்றன. அவற்றின் முழுப் பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய ஊரையும் அவர் முதலில் சென்ற இடத்தையும் இங்கே குறிப்பிடப் போவதில்லை. ஐம்பதைக் கடந்தவர், நெடுநாள் வெற்றிலை பாக்குப் பழக்கம் உள்ளவர். மென்று மென்று அவருடைய இரண்டு தாடைத் தசைகளும் பருத்திருந்தன. முகத்தை ஒல்லியாக்குவதாகச் சொல்லி, ஒரே நாளில் இரு தாடைத் தசைகளிலும் போடாக்ஸும், கன்னத்துக் கோடுகளில் ஃபில்லரும், மோவாய்க்கு அடியில் கொழுப்பு கரைக்கும் ஊசியும் போட்டிருக்கிறார்கள். இரண்டு மாதங்களில் தாடைத் தசை வற்றியது. அவர்கள் சொன்னதும் நடந்தது, முகம் ஒல்லியானது. ஆனால் அதுவரை உள்ளிருந்து தோலைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தத் தசையின் பருமன்தான். அது வற்றியதும் மேலிருந்த தளர்ந்த தோல் சரிந்து, முன்பு இல்லாத அளவுக்குத் தாடையோரம் தொங்கியது. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அழகைத் தரக்கூடிய அதே ஊசி, ஐம்பதைக் கடந்தவருக்கு வயதைக் கூட்டிவிட்டது. மருந்தின் அளவில் தவறு இல்லை. போட்ட இடத்திலும் தவறு இல்லை. அவருடைய முகத்துக்கு அந்த ஊசி தேவையா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதுதான் தவறு. அதோடு, மூன்று ஊசிகளையும் ஒன்றாகப் போட்டதால், முதல் வாரத்தில் வாய் ஒருபுறம் கோணியபோது அது எந்த ஊசியால் வந்தது என்று சொல்லவே முடியாமல் போயிற்று. போடாக்ஸ் பக்கத்துத் தசைக்குப் பரவினாலும் சிரிப்பு கோணும். கொழுப்பு கரைக்கும் மருந்து தாடையின் ஓரமாகச் செல்லும் நரம்பைத் தொட்டாலும் கோணும். அந்த மருந்தை அனுமதிப்பதற்காக நடந்த சோதனைகளிலேயே நூற்றில் நான்கு பேருக்கு இந்த நரம்புத் தளர்ச்சி வந்து, பின்னர் தானாகவே சரியாகியிருக்கிறது. காரணம் தெரிந்தால் நோயாளிக்கு ஆறுதல் சொல்லலாம். எத்தனை நாளில் சரியாகும் என்றும் சொல்லலாம். அந்த அம்மாவிடம் என்னால் இரண்டையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிரிப்பு நேராகும் வரை அவர் பேத்தியின் பிறந்தநாள் உட்பட எந்த நிகழ்ச்சிக்கும் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

நான் பின்பற்றும் முறை இது. மோவாய்க்கு அடியில் உண்மையிலேயே கொழுப்பு இருக்கிறதா, அல்லது தோல்தான் தளர்ந்திருக்கிறதா என்பதை முதலில் கிள்ளிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். தோல் தளர்ந்தவர்களுக்குக் கொழுப்பைக் கரைப்பது வெறும் பையைத் தொங்கவிடுவது போலாகும் என்பதால் அதைச் செய்வதில்லை. கொழுப்புதான் என்றால் அதிலிருந்தே தொடங்குகிறேன்; ஏனெனில் ஒவ்வொரு அமர்வுக்கும் இடையில் குறைந்தது ஒரு மாத இடைவெளி தேவை, ஆறு அமர்வுகள் வரையிலும் ஆகலாம், ஒவ்வொரு முறையும் வீக்கம் நாட்கணக்கில் நிற்கும். வீங்கிய முகத்தில் ஃபில்லரின் அளவை யாராலும் சரியாகக் கணிக்க முடியாது. அதன் பிறகு வாயோரத் தசைக்கும் கழுத்துத் தசைப் படலத்துக்கும் போடாக்ஸ் போட்டு இரண்டு வாரங்கள் காத்திருக்கிறேன். அதற்குள் மருந்தின் முழு வேலையும் தெரிந்துவிடும். வாயின் ஓரம் தானாகவே சற்று மேலே ஏறிவிட்டால், அதற்குக் கீழே நிரப்ப வேண்டிய பள்ளமும் குறைந்திருக்கும்; இரண்டு மில்லி ஃபில்லர் என்று நினைத்த இடத்தில் ஒரு மில்லி போதுமானதாக இருந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். கடைசியாகத்தான் ஃபில்லர், முதலில் மோவாய், பிறகு தொங்கலுக்கு முன்னால் உள்ள பள்ளம், பிறகு தாடையின் மூலை. போடாக்ஸையும் ஃபில்லரையும் ஒரே நாளில் போடும் அனுபவமிக்க மருத்துவர்கள் இருக்கிறார்கள்; அது தவறு என்று நான் சொல்லவில்லை. முதன்முறையாக வருகிறவருக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. காத்திருக்கச் சொன்னதற்காக எழுந்து வேறு இடத்துக்குப் போனவர்களும் உண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை.

இனி, அந்தக் கட்டுரை தொடவே தொடாத ஆபத்தைப் பற்றி. பற்களை இறுகக் கடித்தால் தாடையின் பின்பக்கத்தில் ஒரு தசை புடைக்கும். அதற்குச் சற்று முன்னால், தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரலை மெதுவாக வைத்தால் ஒரு துடிப்பு தெரியும். அதுதான் முகத்துக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி. நாம் ஃபில்லர் போட விரும்பும் இடத்தின் வழியாகவே அது மேலே ஏறி உதட்டுக்கும் மூக்குக்கும் கிளை விடுகிறது. ஃபில்லர் தவறுதலாக அதற்குள் சென்றாலோ, வெளியிலிருந்து அதை அழுத்தினாலோ, அந்தக் கிளை இரத்தம் கொடுக்கும் தோல் பட்டினி கிடந்து செத்துவிடும். மூக்கையும் நெற்றியையும் விடக் கீழ்முகத்தில் அரிது என்றாலும், ஃபில்லர் பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கண்ணின் தமனியை அடைந்தால் பார்வையே போகலாம். வெள்ளைத் தோலில் இத்தகைய அடைப்பு சட்டென்று வெளிறித் தெரியும். நம் தோலின் நிறத்தில் அந்த வெளிறல் எளிதில் கண்ணில் படாது. சாம்பல் பூத்ததுபோன்ற மங்கலாகவோ, வலைபோன்ற கருநீலக் கோடுகளாகவோதான் தெரியும். அழுத்தி எடுத்த இடத்தில் இரத்தம் திரும்ப நேரமாகும். ஊசி போட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலியை 'சாதாரணமாக வருவதுதான், ஐஸ் வையுங்கள்' என்று தொலைபேசியில் சொல்லிவிடக் கூடாது. உடனே நேரில் பார்க்க வேண்டும். அடைத்தது ஹையலூரோனிக் அமிலம் என்றால் ஹையலூரோனிடேஸ் என்ற நொதியைத் தாமதமின்றி ஏற்றி அதைக் கரைத்துவிடலாம். கால்சியம் வகை ஃபில்லரை அந்த நொதி கரைக்காது. எனவே அனுபவம் குறைந்தவர்களின் கையில், முதன்முறை வருகிறவர்களின் முகத்தில், கரைக்க முடியாத ஃபில்லரைப் பார்க்கும்போது எனக்கு அச்சமாகவே இருக்கிறது. நொதி மருந்தே கையிருப்பில் இல்லாத இடத்தில் யாரும் ஃபில்லர் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மருந்து உண்மையானதா என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்காவில் 2024-இல் போலியான அல்லது முறையாகக் கையாளப்படாத பொட்டுலினம் ஊசிகளைப் போட்டுக்கொண்ட 22 பேர், 11 மாநிலங்களில், மங்கலான பார்வை, விழுங்குவதில் சிரமம் முதலான அறிகுறிகளுடன் பாதிக்கப்பட்டார்கள் என்று அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அவர்களில் பாதிப் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உரிமமோ பயிற்சியோ இல்லாதவர்களிடமும், வீடுகள், ஸ்பாக்கள் போன்ற இடங்களிலும் போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். இங்கிலாந்தில் பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு அழகுக்காக இந்த ஊசிகளைப் போடுவதே 2021 அக்டோபர் முதல் சட்டப்படி குற்றம். நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த விடுமுறையில் 'ஜா லைன்', அதாவது எடுப்பான தாடையோரம், கேட்டு வரும் பிள்ளைகளை, உடன் வரும் பெற்றோரோடு சேர்த்து உட்காரவைத்துப் பேசித் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. வளர்ச்சி இன்னும் முடியாத தாடை அது.

ஆகவே சிகிச்சைக்குப் போகும் வாசகர்கள் சிலவற்றைத் தயங்காமல் கேட்க வேண்டும். மருந்துப் புட்டியும் ஃபில்லர் சிரிஞ்சும் தங்கள் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும். அவற்றின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவை குறிப்பேட்டில் எழுதப்பட்டு அதன் நகல் தங்களிடம் தரப்பட வேண்டும். போடாக்ஸ் வகை மருந்துக்கு "எத்தனை யூனிட்" என்று அளவை மட்டும் கேட்பது போதாது; ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் மற்றொரு நிறுவனத்தின் யூனிட்டும் சமமல்ல. ஆஸ்பிரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மாத்திரைகள், உதட்டில் அடிக்கடி வரும் அக்கி, அண்மையில் செய்த அல்லது செய்யவிருக்கும் பல் வைத்தியம், கருவுற்றிருத்தல், பாலூட்டுதல், தசைநரம்பு நோய்கள் ஆகியவற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் தாமாகவே சொல்லிவிட வேண்டும். ஊசி போடுகிறவரின் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. மருத்துவர்களின் நன்னடத்தைக்காக 2002-இல் வெளியிடப்பட்ட விதிமுறைகளே அந்த எண்ணை மருத்துவமனையிலும் மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டும் என்கின்றன. வெள்ளை அங்கி மட்டும் யாரையும் மருத்துவர் ஆக்கிவிடாது. அழகு நிலையத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் பெற்ற சான்றிதழும் ஆக்காது.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. அந்த ஞாயிற்றுக் கட்டுரையில் பேசியவர்களின் படிப்பும் பதிவு எண்ணும் எங்குமே இல்லை. அது செய்தியா, கட்டணம் பெற்று வெளியிட்ட விளம்பரமா என்பதும் தெரியவில்லை. இனி இத்தகைய பக்கங்களில் அவ்விரண்டையும் தெளிவாக அச்சிட ஆவன செய்யுங்கள். அடுத்ததாக, மருத்துவர் இல்லாத அழகு நிலையங்களில் ஊசி போடப்படுவதைத் தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் ஆய்வு செய்யும் அதிகாரம் மாவட்ட மருத்துவ அதிகாரிகளுக்கு உண்டா, உண்டென்றால் இதுவரை எத்தனை இடங்கள் ஆய்வு செய்யப்பட்டன என்பதைத் தங்கள் நிருபர்கள் மாவட்டம்தோறும் கேட்டு வெளியிட வேண்டும். என்னைப் போன்ற ஒரு தனி மருத்துவர் கேட்டால் பதில் வருவதில்லை. நாளிதழ் கேட்டால் வரும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தோல் மருத்துவர்,
கோயம்புத்தூர்.