என் ஒற்றை நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுங்கள்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், திருச்சி
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், இணைய இசைத்தட்டு விற்பனை நிறுவனம்

பொருள்: இசைத்தட்டின் நடுத்துளை விலகியிருப்பதும், அதற்காக நான் போட்ட மதிப்பெண் இசைக்குழுவின் தலையில் விழுந்ததும்.

ஐயா / அம்மையீர்,

கடந்த மாதம் உங்கள் தளத்தில் 3,450 ரூபாய் கொடுத்து ஓர் இசைத்தட்டு வாங்கினேன். நான்கு பேர் சேர்ந்து, எந்தப் பெரிய கம்பெனியின் தயவும் இல்லாமல், தாங்களே பதிவு செய்து வெளியிட்ட பாப் பாடல்கள். ஃபங்க் வாசனை, அதாவது தாள அடியை முன்னிறுத்தும் அமெரிக்கக் கறுப்பின இசையின் வாசனை, தூக்கலாக இருக்கும். குழுவின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. ஆர்டர் எண்ணைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். இதன் நகலை இசை கேட்கும் நண்பர்களும் படிக்கப்போகிறார்கள். அந்தப் பெயரை மறுபடி ஒரு புகாரோடு முடிச்சுப் போட எனக்கு மனமில்லை.

அட்டைப்பெட்டி முனை மடங்காமல், சொன்ன நாளில் வந்தது. அதில் குறையில்லை.

முதல் பக்கத்தின் இரண்டாவது பாடலில்தான் வினை தொடங்கியது. எலெக்ட்ரிக் பியானோவில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தபடி ஆரம்பிக்கும் பாடல் அது. அந்தச் சுரம் நிற்கவில்லை. ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது, யாரோ தொட்டிலை ஆட்டிவிட்டுப் போனதுபோல. முதலில் என் காதைச் சந்தேகப்பட்டேன்; வயது ஐம்பத்திரண்டு. அடுத்து டர்ன்டேபிளை. வேறு மூன்று தட்டுகளைப் போட்டுப் பார்த்தேன். மூன்றும் ஒழுங்காகப் பாடின. பிறகு உங்கள் தட்டைத் திரும்ப வைத்து, மேலிருந்து குனிந்து, முள்ளைத் தாங்கும் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு ஒரு சுற்று சுற்றுவதற்குள் அந்தக் கை ஒரு முறை உள்ளே போய் ஒரு முறை வெளியே வந்தது. நடுத்துளை நடுவில் இல்லை. பார்வைக்குத் தெரியாத அளவு விலகல்தான், காதுக்குத் தெரிகிறது.

இந்தத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடுவது. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. இந்தப் பாட்டு நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் போகிறது. ஓர் அடிக்கு 0.6 விநாடி. ஆக, சரியாக மூன்று அடிக்கு ஒரு தரம் சுருதி ஆடுகிறது. பாட்டோ நான்கு அடித் தாளம். என் மாமா மிருதங்கம் வாசித்தவர். அவர் இருந்திருந்தால், நான்காகப் போகும் சதுஸ்ரத்துக்குள் மூன்றாக வரும் இந்தத் திஸ்ரத்தை நுழைத்தது யார் என்று கேட்டிருப்பார். டிரம்மர் நுழைக்கவில்லை. நீங்கள் விற்ற தட்டு நுழைத்திருக்கிறது.

இதை எழுதி, கைபேசியில் எடுத்த நாற்பது விநாடிக் காணொளியையும் இணைத்து அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து பதில் வந்தது: ஃபங்க் வகை இசையில் ஒலி ஏறி இறங்குவது இயல்பாம், எனவே இது குறைபாடு அல்லவாம். கூடவே, திருப்பியனுப்பும் பத்து நாள் கெடு நாளையோடு முடிகிறது என்று ஒரு நினைவூட்டல்.

பணத்தைவிட இந்தப் பதில்தான் என்னை உறுத்துகிறது. ஃபங்க் என்றால் ஆட்டம் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆடுவது கேட்பவர்தான், இசை ஆடாது. 1960களின் நடுவில் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவையே முதல் அடியில் எடை வைத்து வாசிக்கப் பழக்கினார். அந்த அடிக்கு அவர்கள் வைத்த பெயரே ‘தி ஒன்’. 1970இல், பதினெட்டு வயதில், அவரிடம் பேஸ் கிட்டார் வாசிக்கச் சேர்ந்த பூட்சி காலின்ஸுக்குக் கிடைத்த பாடமும் அதுதான்: நடுவில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள், முதல் அடியில் வந்து நில். நம் தனி ஆவர்த்தனத்தில் எங்கெங்கோ சுற்றிவிட்டுத் தாளம் தொடங்கும் சமத்தில் வந்து விழுகிறார்களே, அந்த ஒழுங்குதான். இன்னொரு ஃபங்க் பேஸ் கலைஞரான லாரி கிரஹாம் கட்டைவிரலால் பேஸ் தந்தியை அறைந்து வாசிக்கத் தொடங்கியதும், அம்மாவின் குழுவில் டிரம்மர் இல்லாமல் போனதால். கட்டைவிரல் அடி பெரிய டிரம்முக்குப் பதில், விரலால் சுண்டுவது சின்ன டிரம்முக்குப் பதில். டிரம்முக்கு மாற்றாக வந்த தந்தி வழுக்கலாமா? கிட்டாரைத் தேய்க்கும் சத்தம்கூட எண்ணி வைத்ததுபோல் விழ வேண்டிய இசை இது. உறையில் இருந்த குறியீட்டைக் கொண்டு இதே பாடல்களைத் தரவிறக்கிக் கேட்டேன். பியானோ சுரம் கல் மாதிரி நிற்கிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

இனி அந்த நட்சத்திரம். தட்டு வந்த மூன்றாம் நாள், ‘இந்தப் பொருள் எப்படி இருந்தது?’ என்று ஒரே ஒரு கேள்வியோடு உங்கள் படிவம் வந்தது. பொருள் என்றால் தட்டு என்று நினைத்து ஒரு நட்சத்திரம் போட்டேன். கீழே, ‘துளை நடுவில் இல்லை. பாடல்கள் அருமை, அவர்கள்மீது பிழையில்லை’ என்றும் எழுதினேன். தயாரிப்புக் குறை பற்றிய கருத்துகள் விதிக்குப் புறம்பானவை என்று அந்த இரண்டு வரியை நீக்கிவிட்டீர்கள். நட்சத்திரத்தை மட்டும் விட்டுவைத்தீர்கள். இப்போது அது ஆல்பத்தின் பக்கத்தில் மொட்டையாக நிற்கிறது. அதற்கு முன் ஆறு பேர் மதிப்பிட்டிருந்தார்கள், ஆறும் ஐந்து நட்சத்திரம். என் கைங்கரியத்தால் 5 என்பது 4.4 ஆகிவிட்டது. திருத்தலாம் என்றால் பொத்தானே இல்லை.

பெரிய கம்பெனியின் பாடகருக்கு என் நட்சத்திரம் கடலில் கரைத்த பெருங்காயம். ஏழே பேர் மதிப்பிட்ட குழுவுக்கு அப்படியா? இவர்களுக்குச் சுவரொட்டியும் கேட்பவர்தான், முகவரும் கேட்பவர்தான். மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் தொடங்கிய வுல்ஃப்பெக் என்ற ஃபங்க் குழுவை நினைத்துப் பாருங்கள். 2014இல் வெறும் மௌனத்தை, தலா அரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகப் பத்துத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு முறை ஓடும்போதும் குழுவுக்குச் சிறு தொகை தரும் ஸ்பாட்டிஃபை என்ற இணைய இசைத்தளத்தில் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். தூங்கும்போது ஓடவிடுங்கள், அதில் வரும் காசில் டிக்கெட் இல்லாமல் கச்சேரி செய்கிறோம் என்றார்கள். ஸ்பாட்டிஃபை அதை நீக்கச் சொல்வதற்குள் சுமார் 20,000 டாலர் சேர்ந்திருந்தது. 2019இல் அதே குழு, பெரிய கம்பெனி யாரும் பின்னால் இல்லாமல், நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற பேரரங்கில் வாசித்தது. சத்தமே இல்லாத ஆல்பத்தை இரவெல்லாம் ஓடவிட்டவர்கள் சாதாரணக் கேட்பவர்கள்தான். நான் அந்தப் பக்கம் நிற்க விரும்புகிறவன். நீங்கள் என்னை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டீர்கள்.

பாடல்களைப் பற்றி எனக்குக் குறையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். மூன்றாவது பாட்டின் பல்லவி ஒரு தரம் அதிகம். ஐந்தாவதில் ஊதுகருவிகள் பாடகியின் குரலை அமுக்கிவிடுகின்றன; அவர் மூச்சு வாங்கும் இடம்தான் அந்தப் பாட்டிலேயே எனக்குப் பிடித்தது, அது பாதிதான் கேட்கிறது. ஆனால் கடைசிப் பாடலில் பேஸ் இரண்டு சுற்று வாசிக்காமல் சும்மா இருந்துவிட்டு முதல் அடியில் வந்து இறங்குகிறதே, அதற்காகவே இன்னொரு 3,450 கொடுப்பேன். இவையெல்லாம் குழுவுக்குப் போய்ச் சேர வேண்டிய சொற்கள். உங்கள் படிவத்தில் இவற்றுக்கு இடமில்லை.

ஆகவே, தட்டை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு நல்ல தட்டு ஒன்று அனுப்புங்கள்; கைவசம் இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். எது செய்தாலும் அந்த ஒற்றை நட்சத்திரத்தை ஆல்பத்தின் பக்கத்திலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள். உங்கள் சேவைக்கென்று ஒரு பக்கம் இருந்தால் அங்கே ஒட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

பத்து நாள் கெடுவைக் காட்டவேண்டாம். அதில் ஒன்பது நாளை நீங்களே தின்றுவிட்டீர்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தரவேண்டியவர் குறைதீர்ப்பு அலுவலர். ஒரு மாதம் பார்ப்பேன். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைப்பேன்.

இப்படிக்கு,
ஆர்டர் எண்ணுக்குரிய வாடிக்கையாளர்

பி.கு.: மாற்றுத் தட்டு அனுப்பும் முன் அதை ஒரு தரம் சுழலவிட்டுப் பாருங்கள். பாட்டுகூடக் கேட்க வேண்டாம், கை ஆடுகிறதா என்று பார்த்தால் போதும்.